இல்லாத கையின் வலி

கை இருந்தால்தான் கை வலிக்கும் என்று நாம் எண்ணுகிறோம். இதற்குச் சாஸ்திரமும் வேண்டியதில்லை, சாட்சியும் வேண்டியதில்லை என்று தோன்றுகிறது. ஆனால் யுத்தத்திலோ, விபத்திலோ, நீரிழிவினால் வந்த ஆறாத புண்ணினாலோ ஓர் அவயவத்தை இழந்தவரைக் கேட்டுப் பாருங்கள். வெட்டி எடுத்துவிட்ட காலின் பெருவிரலில் அரிப்பு எடுக்கிறது என்பார். சொறிந்துகொள்ளக் குனிந்தால் அங்கே விரலும் இல்லை, காலும் இல்லை. வேறு சிலருக்கு இல்லாத கை முஷ்டியாக இறுகி, இல்லாத நகங்கள் இல்லாத உள்ளங்கையில் பதிகின்றன. வலியோ மெய்யான வலி. இரவெல்லாம் உறக்கமில்லை. வீட்டார், "போனதையே நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம்!" என்று பரிதாபப்படுகிறார்கள். பொறுமை குறைந்தவர்கள் பாசாங்கு என்றே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

பாசாங்கு அல்ல. அவயவம் இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது இன்னும் உடம்போடு ஒட்டியிருக்கிறது என்ற உணர்ச்சி உண்டு. பத்துப் பேரில் ஏறக்குறைய ஆறு பேருக்கு அந்த இல்லாத அவயவத்தில் வலியும் உண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த வலி எங்கே குடியிருக்கிறது என்ற கேள்விக்கு, முப்பது வருஷங்களாக வைத்தியக் கல்லூரிகளில் ஒரு விடை சொல்லப்பட்டு வந்தது. 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வெளியான ஓர் ஆராய்ச்சி அந்த விடையை ஆட்டம் காணச் செய்திருக்கிறது. விடையை உலகறியச் செய்தவர் ஒரு தமிழர் ஆகையால், இவ்விவகாரத்தை நம் நேயர்கள் சற்று விவரமாகவே அறிந்துகொள்ள விரும்புவார்கள் என்று நம்புகிறோம்.

விஷயம் புதிதல்ல. பதினாறாம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்துப் போர்க்களங்களில் ரண சிகிச்சை செய்த ஆம்புரோஸ் பாரே என்பவர் இதை எழுதிவைத்திருக்கிறார். 1797-ல் டெனரிப் தீவைத் தாக்கப் போய் வலக் கையை இழந்த ஆங்கிலக் கடற்படைத் தலைவர் நெல்ஸன், இல்லாத கையில் தமக்கு உண்டான உணர்ச்சியைக் கொண்டு, கை போன பிறகு கை இருக்குமானால் உடம்பு போன பிறகு ஆத்மா ஏன் இருக்கக் கூடாது என்று வாதித்ததாகச் சொல்வார்கள். வேதாந்திகள் இந்த வாதத்தை எவ்வளவு தூரம் ஒப்புக்கொள்வார்களோ நாம் அறியோம்.

இதற்கு ஒரு பெயர் வைத்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த டாக்டர் வீர் மிச்செல். 1861 முதல் 1865 வரை அத்தேசத்தில் நடந்த உள்நாட்டு யுத்தத்தில் ஆயிரக்கணக்கான வீரர்கள் கைகால்களை இழந்தார்கள். மிச்செல் விசாரித்த 90 பேரில் 4 பேரைத் தவிர மற்ற எல்லோரும், போன அவயவம் இன்னும் இருப்பதுபோல் உணர்ந்ததாகச் சொன்னார்கள். 1871-ல் அவர் இவற்றை 'ஆவி அவயவங்கள்' என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தார். வேடிக்கை என்னவென்றால், அதற்கு ஐந்து வருஷங்களுக்கு முன் இதே விஷயத்தை அவர் ஒரு கதையாக எழுதி, தம் பெயரைப் போடாமலே ஒரு பத்திரிகையில் வெளியிட்டிருந்தார்.

மேலே செல்லுவதற்கு மூளையின் தேசப்படம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கனடா தேசத்தில் மான்ட்ரீல் நகரில் பென்பீல்டு என்ற புகழ்பெற்ற ரண வைத்தியர் இருந்தார். மூளைக்குத் தன் வலி தெரியாது. ஆகவே தலையின் தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளி விழித்திருந்து பேசிக்கொண்டிருக்கும்போதே மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சார முனையால் தொட்டுப் பார்க்க முடிந்தது. ஓரிடத்தில் தொட்டால் நோயாளி, "கட்டைவிரலை யாரோ தீண்டுகிறார்கள்" என்பார். சற்றுக் கீழே தொட்டால், "உதட்டில்" என்பார். இவ்வாறு அனேக நோயாளிகளிடம் குறித்தெடுத்த விவரங்களைத் தொகுத்து, 1937-ல் போல்டிரே என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்டார். மூளையின் ஒரு பட்டையில் நம் உடம்பு முழுவதும் வரிசையாக எழுதப்பட்டிருக்கிறது. உடம்பில் சிறியதான உதட்டுக்கும் விரல்களுக்கும் அங்கே பெரிய பெரிய நிலங்கள். அகன்ற முதுகுக்கோ ஒரு துண்டு நிலந்தான். கையின் நிலத்துக்கு அண்டை நிலம் முகத்தினுடையது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கையை வெட்டிவிட்டால் கையின் நிலம் என்ன ஆகும்? பயிரிடுவார் இல்லாத காணியை அண்டை நிலத்துக்காரர் வரப்பை வெட்டிச் சேர்த்துக்கொள்வதை நாம் கிராமங்களில் பார்த்திருக்கிறோம். மூளையிலும் அதுவே நடக்கிறது என்று எண்ண இடமிருந்தது. மெர்ஸெனிக் முதலிய விஞ்ஞானிகள், குரங்கின் ஒரு விரலை எடுத்துவிட்டால் அதன் இடத்தைப் பக்கத்து விரல்கள் பிடித்துக்கொள்வதாக 1984-ல் அறிவித்தார்கள். 1991-ல் இன்னும் பெரிய செய்தி வந்தது. கையிலிருந்து உணர்ச்சி கொண்டுபோகும் நரம்புகள் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் அறுக்கப்பட்ட குரங்குகளைப் பரிசோதித்தபோது, கையின் நிலம் முழுவதுமே முகத்தைத் தொட்டதற்குப் பதில் சொல்லிற்று.

இந்தச் செய்தியைப் படித்தவுடன் ஒருவருடைய சிந்தனை வேகமாக ஓடிற்று. அவர் வி. எஸ். ராமச்சந்திரன். 1951-ல் தமிழ்நாட்டில் பிறந்தவர். அரசியல் நிர்ணய சபையில் புகழ்பெற்று விளங்கிய அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரர். சென்னை ஸ்டான்லி வைத்தியக் கல்லூரியில் படித்துத் தேறி, கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்று, கலிபோர்னியாவில் ஸான் டீகோ சர்வகலாசாலையில் பேராசிரியரானவர். குரங்கு வாய் திறந்து சொல்லாது; மனிதன் சொல்வானே என்று அவர் நினைத்தார். மோட்டார் விபத்தில் இடக் கையை இழந்து நான்கே வாரங்கள் ஆன ஒரு வாலிபனை வரவழைத்துக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். பஞ்சு சுற்றிய குச்சியால் அவன் கன்னத்தைத் தொட்டு, எங்கே தெரிகிறது என்று கேட்டார். "கன்னத்தில் தெரிகிறது, அதோடு இல்லாத கட்டைவிரலிலும் தெரிகிறது" என்றான். மேலுதட்டைத் தொட்டால் ஆள்காட்டி விரல். முகத்தில் ஒரு சொட்டு நீர் வழிந்தால், இல்லாத கையின் மேலும் நீர் வழிந்தது! மின்சார முனையும் வேண்டாம், மண்டையைத் திறக்கவும் வேண்டாம். ஒரு பஞ்சுக் குச்சி போதுமானதாயிற்று. 1992-ல் இது வெளியானபோது விஞ்ஞான உலகம் வியந்ததில் ஆச்சரியமில்லை.

அதைவிடப் பிரசித்தி பெற்றது அவருடைய கண்ணாடிப் பெட்டி. ஓர் அட்டைப் பெட்டியின் நடுவே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்திவைத்தார். கையிழந்தவர் தம் நல்ல கையை ஒரு பக்கம் விட்டுக் கண்ணாடியைப் பார்த்தால், போன கை திரும்பி வந்துவிட்டது போல் காட்சி தருகிறது. நல்ல கையின் முஷ்டியைத் திறந்தால் போன கையும் முஷ்டி திறக்கிறது. பத்து வருஷங்களாக இல்லாத கையை அசைக்க முடியாமல் தவித்த ஒருவர், அது அசைகிறது என்று கூவிவிட்டாராம். அவர் பெட்டியை வீட்டுக்கு எடுத்துச் சென்று சில வாரங்கள் பழகினார். ஒரு நாள் இல்லாத கை மறைந்துவிட்டது. விரல்கள் மட்டும் தோளில் தொங்கின. கை போனவுடன் முழங்கையின் வலியும் போயிற்று. இல்லாத கையை வெட்டி எடுத்த முதல் ரண வைத்தியர் தாமே என்று ராமச்சந்திரன் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார்.

பெட்டியின் பலன் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கவில்லை. 2007-ல் அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரி ஒன்றில் காலிழந்தவர்களை வைத்துப் பரீட்சித்தபோது, நான்கு வாரங்கள் கண்ணாடியைப் பார்த்துப் பயிற்சி செய்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. பின்னால் வந்த பரீட்சைகளில் சிலவற்றில் நன்மை தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. ஆயினும் காசு அதிகம் இல்லாத, கெடுதி விளைக்காத சிகிச்சை என்பதால் பல தேசங்களிலும் பரவியிருக்கிறது.

இனி சர்ச்சைக்கு வருவோம். கையின் நிலத்தை முகம் பிடித்துக்கொள்வதுதான் வலிக்குக் காரணம் என்றால், ஆக்கிரமிப்பு எவ்வளவு அதிகமோ வலியும் அவ்வளவு அதிகம் இருக்க வேண்டும். கையின் நிலம் பழையபடி இருப்பவர்களுக்கு வலி குறைந்திருக்க வேண்டும். 2013-ல் தமார் மேகின் என்ற பெண்மணியும் அவருடைய சகாக்களும் பார்த்தது இதற்கு நேர்மாறாக இருந்தது. இல்லாத கையை அசைக்கச் சொன்னபோது, அதிக வலி உள்ளவர்களுக்கே கையின் நிலம் அதிகமாக விழித்துக்கொண்டது. 'அசைக்கச் சொன்னபோது' என்பதைக் கவனிக்க வேண்டும். அதுவரையில் பெரும்பாலோர் உதட்டையும் கன்னத்தையுமே விசாரித்துவந்தார்கள். அண்டை வீட்டுக்காரர் குரல் கேட்கிறதா என்று பார்த்தார்களே ஒழிய, வீட்டுக்குச் சொந்தக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தவர்கள் சிலரே.

மறுப்பவர்கள் ஒரு நியாயமான ஆட்சேபம் சொன்னார்கள். ஒருவருக்குக் கை போன பிறகு படம் எடுத்தால், கை போவதற்கு முன் அது எப்படி இருந்தது என்று எவ்வாறு சொல்ல முடியும்? இதற்குப் பதில் சொல்வதற்காகவே, கேம்பிரிட்ஜில் பேராசிரியையாக உள்ள மேகினும் அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையத்தைச் சேர்ந்தவர்களும் பல வருஷங்கள் உழைத்தார்கள். நோயின் காரணமாகக் கையை எடுத்தே தீரவேண்டும் என்று டாக்டர்கள் முடிவு செய்துவிட்டவர்களில் மூவர் இதற்கு முன்வந்தார்கள். தம் கை இன்னும் சில நாளில் போகப் போகிறது என்று அறிந்தவர்கள், அந்தக் கையின் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துக்கொண்டு காந்தப் படமெடுக்கும் யந்திரத்துக்குள் படுத்திருந்தார்கள். இதற்கு வேண்டிய மனத்திடம் சாமானியமானதன்று. உதட்டைக் குவித்தும் காட்டினார்கள். கை போன பிறகு மூன்று மாதத்திலும் ஆறு மாதத்திலும் மீண்டும் வந்தார்கள். ஒருவர் ஒன்றரை வருஷத்திலும், இன்னொருவர் ஐந்து வருஷத்திலும் வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் இல்லாத விரல்களை அசைக்க முயன்றார்கள்.

முன்பு எடுத்த படத்தையும் பின்பு எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தால், கை எப்போது போயிற்று என்று சொல்வது கடினம். கட்டைவிரலின் இடத்தில் கட்டைவிரல், சுண்டுவிரலின் இடத்தில் சுண்டுவிரல். கை இருந்தபோது எடுத்த படங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட கணிப்பொறி, கை போன பிறகு எடுத்த படங்களைப் பார்த்து, இப்போது எந்த விரலை அசைக்க முயல்கிறார் என்று சொல்லிற்று. உதட்டின் நிலம் கையின் பக்கம் நகரவே இல்லை. கை போய்ச் சராசரி இருபது வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்ட 26 பேரின் படங்களோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவையும் இவற்றைப் போலவே இருந்தன. கை போனதை மூளை அங்கீகரிக்கவே இல்லை.

அப்படியானால் குரங்குகள் பொய் சொல்லினவா? அந்த வாலிபன் கன்னத்தில் பட்ட பஞ்சுக் குச்சியைக் கட்டைவிரலில் உணர்ந்தது பிரமையா? இரண்டும் இல்லை என்பது நம் அபிப்பிராயம். கண்ட காட்சிகள் நிற்கின்றன. அவற்றுக்குச் சொன்ன காரணந்தான் கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது. கையின் நிலத்தில் முகத்தின் செய்தி மெல்லிய குரலில் முதலிலிருந்தே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்று மேகின் கட்சியார் சொல்கிறார்கள். கை உரக்கப் பேசும் வரையில் அது காதில் விழுவதில்லை. கையின் பேச்சு ஓய்ந்ததும் விழுகிறது. இதைக் கேட்டவர்கள், புதிதாக ஒருவர் குடியேறிவிட்டார் என்று எண்ணிவிட்டார்கள். மூன்று பேரைக் கொண்டு முப்பது வருஷக் கொள்கையைத் தள்ளிவிடலாமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்கட்டும், ஆனால் அம்மூவரைப் போல் முன்னும் பின்னும் பார்க்கப்பட்டவர்கள் மற்றக் கட்சியில் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பண்டிதர்களின் வழக்கு என்று இதை விட்டுவிட முடியாது. மூளையின் படம் குலைந்துபோனதே வலிக்குக் காரணம் என்று நம்பியதால், குலைந்ததைச் சீர்ப்படுத்தும் சிகிச்சைகளைத் தேடியே பல வருஷங்கள் சென்றன. படம் குலையவே இல்லையென்றால் சீர்ப்படுத்த என்ன இருக்கிறது? மேகின் வெட்டுண்ட நரம்பின் நுனியைப் பார்க்கச் சொல்கிறார். கையை எடுக்கும்போது, கைக்குப் போய்க்கொண்டிருந்த பெரிய நரம்புகளும் அறுபடுகின்றன. போக இடமில்லாத நரம்பு வளர்ந்து தன்னைத்தானே சுற்றிக்கொண்டு முடிச்சாகிவிடுகிறது. அந்த முடிச்சிலிருந்து காரணமில்லாமல் செய்திகள் புறப்படுகின்றன. மூளை என்ன செய்யும்? அதனிடம் இருப்பது பழைய படம். அதைப் பார்த்து, "சுண்டுவிரலில் வலி" என்று நாணயமாகக் குறித்துக்கொள்கிறது.

ஆகவே ரண வைத்தியர்கள் சிலர் அறுபட்ட நரம்பை அனாதையாக விட்டுவிடாமல், பக்கத்துத் தசை ஒன்றில் கொண்டுபோய் இணைத்துவிடுகிறார்கள். நரம்புக்கு ஒரு வீடு, ஒரு வேலை கிடைக்கிறது. சிக்காகோவில் டுமானியன் என்பவரும் சகாக்களும் 28 பேரை இரு பிரிவாக்கி இம்முறையைப் பழைய முறையோடு ஒப்பிட்டு, இதில் வலி அதிகமாகக் குறைந்ததாக 2019-ல் வெளியிட்டார்கள். மேகின் பார்த்த மூவரில் ஒருவருக்கும் கையை எடுக்கும்போதே நரம்புகளைப் புதிய தசையிலோ தோலிலோ இணைக்கும் சிகிச்சை செய்யப்பட்டது. கை இருந்தபோது கடும் வலியில் வாடியவர் அவர். இப்போது வலி இல்லை.

படம் அழியாமல் இருப்பதால் இன்னொரு வேலையும் நடக்கும். மூளையில் நுண்ணிய மின்முனைகளைப் பதித்து, நினைத்த மாத்திரத்தில் யந்திரக் கையை ஆட்டிவைக்கும் முயற்சி பல இடங்களில் நடந்து வருகிறது. கை போய் இருபது வருஷம் ஆனவருக்குக் கையின் நிலமே இருக்குமோ இராதோ, முனையை எங்கே ஊன்றுவது என்ற கவலை இருந்தது. இனி, கட்டைவிரலுக்குரிய முனையைக் கட்டைவிரல் இருந்த இடத்திலேயே ஊன்றலாம்.