தார்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி பாலிசியைப் பாருங்க

போனஸ் வந்ததும் தார் வச்சிருக்கிறவங்க கேட்கிற கேள்வி இது: "சார், வீட்லயே லிஃப்ட் கிட் மாட்டலாமா?" ஸ்பேனர் வேலை உங்களுக்குத் தெரியும். பணக் கணக்கை நான் சொல்றேன்.

1. தாராளமா செய்யலாம்: சீட் கவர், ஃப்ளோர் மேட், கையடக்க ஏர் கம்ப்ரசர், டோ ஸ்ட்ராப். வண்டியோட அமைப்பு மாறாது.

2. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிட்டு செய்யணும்: மியூசிக் சிஸ்டம் மாதிரி எலக்ட்ரிக்கல் சாமான். வழக்கமா மதிப்புல 4% கூடுதல் பிரீமியம். 40,000 ரூபாய் சிஸ்டத்துக்கு 1,600. ஜிஎஸ்டி 18% சேர்த்தா 1,888. இதைக் கட்டலைன்னா, வண்டி திருடு போனா அந்த 40,000 கிடைக்காது. வயரை வெட்டாம கப்ளர்ல மாட்டுங்க; வெட்டினா வாரன்டிக்கு ஆபத்து.

3. கை வைக்காதீங்க: லிஃப்ட் கிட், புல் பார், கம்பெனி அந்த மாடலுக்குக் கொடுக்காத சைஸ் டயர். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 இதுக்குத் தடையா நிக்குது. 2019-ல உச்ச நீதிமன்றமும் இதை உறுதி பண்ணிடுச்சு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, இல்ல ரெண்டுமே வரலாம்.

அபராதத்தை விட பெரிய அடி கிளெய்ம்தான். விபத்துக்கு அப்புறம் சர்வேயர் லிஃப்ட் கிட்டைப் பார்த்தா, கிளெய்மை மறுக்க அதுவே காரணமாகலாம். வண்டி நொறுங்கிக் கிடக்கும். இஎம்ஐ மட்டும் மாசாமாசம் ஓடும்.

அதனால முதல்ல இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்க. பதிலையும் பில்லையும் பத்திரமா வைங்க. அப்புறம் ஸ்பேனரை எடுங்க.