எலிப்பொறிச் சுவருக்கு ஒரு புரோகிராம்

கம்ப்யூட்டரில் பிளான் போடுபவர்கள், பட்டியலில் இல்லாத சுவரைத் தாங்களே எழுதிச் சேர்க்கப் பழகினால் எஸ்டிமேட்டே மாறிவிடும்

நெடுமங்காட்டிலிருந்து பொன்முடிக்குப் போகும் பஸ் கல்லாற்றைத் தாண்டியதும் மூச்சு வாங்க ஆரம்பிக்கிறது. அங்கிருந்து மேலே 22 கொண்டை ஊசி வளைவுகள். பெயருக்கேற்றபடி ஆறு முழுக்க உருண்டைக் கற்கள்; கரையேறினால் சமதளம் என்பது அபூர்வம். இந்தச் சரிவில் வீடு கட்டுபவர் ஒரு மூலையில் ஒன்றரை அடி கருங்கல் அஸ்திவாரம் போட்டால் எதிர் மூலையில் ஐந்தடி போட வேண்டியிருக்கலாம். மேஸ்திரிக்கு இது பெரிய விஷயமில்லை. திண்டாடுவது கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பிளான் போடும் டிராஃப்ட்ஸ்மேன்தான். 'சுவர்' பட்டனைத் தட்டினால் மென்பொருள் தரை சமமாக இருப்பதாக எண்ணிக்கொண்டு, உள்ளே கெட்டியான ஒரு நீள்பெட்டியை நிறுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் அந்தக் கெட்டிப் பெட்டி கொஞ்சம் அதிகமாகவே உறுத்துகிறது. இது லாரி பேக்கரின் ஊர். 1917-ல் பர்மிங்காமில் பிறந்து, 1989-ல் இந்தியக் குடியுரிமை பெற்று, 2007-ல் இங்கேயே மறைந்த அந்தக் கட்டிடக் கலைஞர் கேரளத்தில் பரப்பியவற்றில் முக்கியமானது 'ராட் டிராப் பாண்ட்' எனப்படும் எலிப்பொறிக் கட்டு. செங்கலைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் காலி இடம், இரண்டையும் இணைக்கக் குறுக்கே ஒன்று என்று அடுக்குவது. காலி இடம் வெயிலின் சூட்டை ஓரளவு தடுக்கும். பர்சுக்கும் நல்லது.

எவ்வளவு நல்லது? கணக்கு எளிது. 9 அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், 3 அங்குல உயரமுள்ள நாட்டுச் செங்கல் என்று வைத்துக்கொண்டால், ஓர் அடி நீளத்துக்கு ஒரு வரியில் எலிப்பொறிக் கட்டுக்கு மூன்று கல். அதே இடத்தைக் கெட்டியாக நிரப்ப நான்கு கல். 20 அடி நீளம், 9 அடி உயரச் சுவரில் 24 வரிகள். ஆக 1,920-க்குப் பதில் 1,440. சாந்துக் கனத்தையும், கெட்டியாகவே கட்ட வேண்டிய முதல் வரி, கடைசி வரி, ஜன்னல் ஓரங்களையும் விட்டுவிட்டுப் பார்த்தால் கால் பங்கு மிச்சம்.

ஆனால் பிளானில் இருப்பது கெட்டிப் பெட்டி. அதன் கன அளவிலிருந்து எஸ்டிமேட் எடுத்தால் 1,920 கல்லுக்குத்தான் பணம் ஒதுக்கப்படும். மிச்சம் 480 கல் யார் கணக்கில் போகிறது என்பது வீட்டுக்காரர் எத்தனை முறை வேலை நடக்கும் இடத்துக்கு வந்து போகிறார் என்பதைப் பொறுத்தது.

இதற்கு வழி இருக்கிறது. எலிப்பொறிச் சுவர் என்ற பொருளையே எழுதி மென்பொருளில் செருகிவிடலாம். புரோகிராமர்கள் இதை பிளக்-இன் பொருள் என்கிறார்கள். பழக விரும்புபவருக்குச் செலவில்லாத இடம் ஃப்ரீகேட். ஜெர்மனியைச் சேர்ந்த யூர்கன் ரீகல் தொடங்கி 2002-ல் வெளியான இந்த இலவச மென்பொருள், 22 ஆண்டுகள் நிதானமாக நடந்து 2024 நவம்பரில்தான் 1.0 என்ற எண்ணைத் தொட்டது. இதன் கட்டிடப் பகுதியை முக்கியமாக எழுதிய யோரிக் வான் ஹாவ்ரே தொழிலால் கட்டிடக் கலைஞர் என்பதை டிராஃப்ட்ஸ்மேன்கள் கவனிக்கலாம். இதிலுள்ள சுவர், கட்டிகளாகப் பிரித்து எண்ணிச் சொல்லும் அளவுக்குச் சமர்த்து. நடுவில் இடம் விட்டுக் குறுக்குக் கல் வைக்க மட்டும் அதற்குத் தெரியாது.

கற்றுக்கொள்வது வேவு பார்ப்பதில் தொடங்குகிறது. மவுஸால் ஒரு பெட்டி வரைந்தால், அதே வேலைக்கான பைதான் மொழிக் கட்டளையைக் கீழே ஒரு ஜன்னலில் ஃப்ரீகேட் காட்டிவிடும். அதை நகலெடுத்து, எண்களை மாற்றி, திரும்பத் திரும்பச் செய்யவைத்தால் மேக்ரோ தயார். பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். மேக்ரோ என்பது கோலம் போட்டுவிட்டுப் போய்விடுகிறவர் மாதிரி. சுவர் இரண்டடி நீள வேண்டும் என்றால் அழித்துவிட்டு மறுபடி கூப்பிட வேண்டும். பொருள் அப்படியல்ல. அது வாசலிலேயே உட்கார்ந்திருக்கும். நீளத்தை மாற்றியதும் தானே கற்களை அடுக்கி, புது எண்ணிக்கையையும் சொல்லும்.

எழுத வேண்டியது அடிப்படையில் இரண்டே பகுதிகள். ஒன்றில் நீளம், உயரம், செங்கல் அளவு என்று பொருளின் குணங்கள். இன்னொன்றில், குணம் மாறும்போதெல்லாம் செய்ய வேண்டிய வேலை. பைதான் 3-ல் மாறிகளுக்குத் தமிழிலோ மலையாளத்திலோ பெயர் வைத்தாலும் ஏற்றுக்கொள்ளும்.

சறுக்கும் இடங்களும் உண்டு. ஃப்ரீகேடின் மனக்கணக்கு மில்லிமீட்டரில். 9 அங்குலம் என்று நினைத்து 9 என்று எழுதினால் சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு செங்கல் கிடைக்கும். எழுத வேண்டியது 228.6. ஆயிரத்துச் சொச்சம் கற்களை ஒன்றோடொன்று இணைத்து ஒரே திடப்பொருளாக்க முயன்றால் கம்ப்யூட்டர் திணறும். வெறும் தொகுப்பாக வைத்தால் ஓடிவிடும். இன்னொரு பொறி கம்ப்யூட்டருக்கு வெளியே. இந்தியத் தர நிர்ணயப்படியான மாடுலர் செங்கல் 19 செ.மீ. நீளம், 9 அகலம், 9 உயரம். இதை எப்படி நிறுத்தினாலும் 9 தான். இரண்டை அடுத்தடுத்து வைத்தால் சுவரின் கனமே தீர்ந்துவிடும். நடுவில் எலிக்கு இடமில்லை. அகலமும் உயரமும் சமமாக இருந்தால் மறுத்துவிட வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. கொத்தனாரிடம் கேட்காமல் புரோகிராம் எழுதினால் இந்த வரி விட்டுப்போகும்.

இந்தத் திறமை புதிதல்ல. ஆட்டோகேடில் ஆட்டோலிஸ்ப் 1986-லேயே வந்துவிட்டது. ஆனால் சிறு அலுவலகங்களுக்காக 1993-ல் வந்த மலிவுப் பதிப்பான எல்டி-யில் அது இல்லை. 2023-ல் வெளியான எல்டி 2024 பதிப்பில்தான் சேர்த்தார்கள். முப்பது வருடம்! பயிற்சி மையங்கள் கட்டளைகளை மனப்பாடம் செய்யவைத்து சான்றிதழ் கொடுத்ததில் வியப்பில்லை.

கேரளத்தில் நிலம் கொஞ்சம் பண்பட்டிருக்கிறது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் இந்தியக் கிளை 2001-ல் தொடங்கியது திருவனந்தபுரத்தில்தான். அரசுப் பள்ளி கம்ப்யூட்டர்களில் ஓடுவது லினக்ஸ். பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே பைதானில் படம் வரைவது இடம்பெற்றிருந்தது. எஃகுக் கட்டமைப்புகளுக்காக மும்பை ஐ.ஐ.டி. உருவாக்கிய ஆஸ்டாக், இந்தியத் தர விதிகளைப் பைதானில் எழுதி அதிலிருந்தே படமும் தர முடியும் என்று காட்டியிருக்கிறது. எஃகுக்குச் செய்ததைச் செங்கல்லுக்குச் செய்யத் தடை ஏதும் இல்லை.

ஆனால் சொந்தப் பொருளுக்குச் சொந்தக் கஷ்டமும் உண்டு. சேமித்த கோப்பில் சுவரின் உருவமும், அதை எழுதிய புரோகிராமின் பெயரும் மட்டுமே பதிவாகும். புரோகிராம் பதிவாகாது. அது இல்லாத இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தால் சுவர் நிற்கும். நீளத்தை மாற்றினால் அசையாது. ஆட்டோகேடிலும் இதே கதைதான்; அங்கே அதற்கு 'பிராக்ஸி' என்று பெயர். எழுதியவர் வேலையை விட்டுப் போய், அவருடைய கம்ப்யூட்டரும் போய்விட்டால் அலுவலகத்துக்கு மிஞ்சுவது உயிரில்லாத சுவர்கள். படத்தோடு புரோகிராமையும் அனுப்புவது, ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது என்று பக்கத்திலேயே தாய்மொழியில் குறிப்பு எழுதிவைப்பது ஆகிய இரண்டு பழக்கங்களும் அவசியம். பலரும் செய்யாமல் விடுவதும் இவற்றைத்தான்.

எலிப்பொறிச் சுவரை முடித்தவருக்கு அடுத்த வேலை கல்லாற்றுச் சரிவிலேயே காத்திருக்கிறது. தரையின் ஏற்ற இறக்கத்தைக் கொடுத்தால் படிப்படியாக இறங்கி, எத்தனை கன அடி கருங்கல் வேண்டும் என்று சொல்கிற அஸ்திவாரம். செங்கல் போலக் கருங்கல்லுக்கு ஒரே அளவு கிடையாது. எனவே ஒவ்வொரு கல்லாக வரையத் தேவையில்லை, கன அளவு போதும். அந்த வகையில் இது சுவரைவிட எளிது. படி எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்பதை மட்டும் மேஸ்திரியிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும்.