கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஜித்தா: வான்வழித் தொலைவும் நேரமும்

கம்பம், உத்தமபாளையம் வட்டாரத்திலிருந்து புனிதப் பயணம் மேற்கொள்வோர்க்குக் குமுளி மலைப்பாதை வழியே சென்றடையும் கொச்சி விமான நிலையமும் ஒரு வாயிலாகும். 2022ஆம் ஆண்டு தமிழக ஹாஜிகள் அங்கிருந்தே புறப்பட நேர்ந்தது. புறப்படுவோர் கேட்கும் வினாக்கள் மூன்று: ஜித்தா எவ்வளவு தொலைவு? எத்தனை மணி நேரப் பயணம்? நோன்பு நாளாயின் எப்போது நோன்பு துறப்பது? இம்மூன்றுக்கும் விடை பூமியின் உருண்டை வடிவத்தில் அடங்கியுள்ளது.

உருண்டையின் மேற்பரப்பில் இரு ஊர்களை இணைக்கும் மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின் வில்லாகும். அவ்வகையில் கொச்சி - ஜித்தா தொலைவு ஏறத்தாழ 4,170 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் இது ஐந்து மணி நேரப் பயணம். மேலேறல், இறங்கல், வான்பாதை வளைவுகள், எதிர்க்காற்று ஆகியவற்றையும் சேர்த்தால் ஐந்தரை மணியைத் தாண்டும். சவூதிக் கடிகாரம் நம்முடையதற்கு இரண்டரை மணி பின்தங்கியது. ஆதலால் காலை 10 மணிக்குப் புறப்பட்டவர், ஜித்தா நேரம் பிற்பகல் 1 மணியளவில் இறங்குவார்.

இக்கணிதம் விமானத்தோடு பிறந்ததன்று. அறிஞர் அல்பிரூனி, ஹிஜ்ரி 416இல் (கி.பி. 1025) நிறைவு செய்த நூலில், கஸ்னா நகரின் கிப்லாவை நிர்ணயிக்கும் பொருட்டு ஊர்களின் இடைத்தொலைவுகளைக் கோள முக்கோணவியலால் ஆராய்ந்தார். தொலைவும் திசையும் ஒரே முக்கோணத்தின் இரு விடைகள் என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

கம்பத்திற்கு அதனைப் பொருத்திப் பார்ப்போம். மக்கா இங்கிருந்து ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர். கிப்லாவோ நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து வடக்காக 22½ பாகை சாய்ந்தது. கடற்பயணிகளின் வரைபடத்தில் நேர்கோடு இழுத்தால் 18 பாகையே கிடைக்கும். இவ்விரு வழிகளின் நீளத்தில் வேறுபாடு பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவு. திசையிலோ நான்கரை பாகை. எனினும் இதனைக் கொண்டு முன்னோர் எழுப்பிய பள்ளிவாசல்களைக் குறைகூற வேண்டியதில்லை. தொலைவிலிருப்போர்க்குக் கஅபாவின் திசைப்புறத்தை முன்னோக்குதலே போதுமென்பது ஹனஃபி சட்ட அறிஞர் கருத்து.

மூன்றாம் வினா நுட்பமானது. இவ்வழியில் சூரியன் மேற்கே நகர்வதாகத் தோன்றும் வேகம் மணிக்குச் சுமார் 1,600 கிலோமீட்டர். விமானத்தின் வேகம் அதில் பாதி. ஆகவே மேற்கே பறக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அஸ்தமனத்தை அரைமணி அளவு தள்ளிவிடும். 11 கிலோமீட்டர் உயரத்தில் தொடுவானமும் மூன்று பாகைக்கு மேல் தாழ்ந்து தெரிவதால், கீழேயுள்ள தரையைவிடப் பதின்மூன்று நிமிடங்களுக்குக் குறையாமல் சூரியன் மறையத் தாமதமாகும். இதே தொடுவானத் தாழ்வை நந்தனா கோட்டையருகே மலைமீதிருந்து அளந்துதான் அல்பிரூனி பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார்.

எனவே பிற்பகலில் புறப்படும் நோன்பாளி, கம்பத்து அட்டவணையைப் பார்த்து நோன்பு துறத்தல் பொருந்தாது. தம் சாளரத்தில் சூரியன் மறைவதையே அவர் கவனிக்க வேண்டும். இந்நீண்ட பகலைத் தாங்கவியலாத முதியோர்க்கும் நோயாளர்க்கும் மார்க்கம் வழங்கிய பயணச் சலுகை இருக்கிறது. அதனைக் குறையெனக் கருதி உடலை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை.