காவல் நாயும் பண்ணை நீர்நிலைகளும்

தோட்டத்தில் குடியிருப்போருக்கு நாய் எத்துணை துணையானது என்பதைத் தங்களுக்கு எடுத்துக் கூறத் தேவையில்லை. ஆட்டுப் பட்டிக்கும் களத்திற்கும் காவல், இரவில் பன்றி வந்தால் முதற்குரல் எல்லாம் அதுதான். பயிர்ச் சாகுபடி பற்றி எழுத வேண்டிய நான் நாயைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். காரணம் உண்டு.

சோளத்தில் ஊடுபயிர் செய்திருந்த செய்முறைத் திடல் ஒன்றைக் காண ஒருநாள் சென்றிருந்தேன். பக்கத்துத் தோட்டத்தில் ஒரே கூச்சல். பாலித்தீன் விரிப்பிட்ட பண்ணைக் குட்டையில் அந்த வீட்டு நாய் விழுந்து, கரையோரமாகவே சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தது. பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே குதிக்கப் போனான். தந்தை அவனை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பையனுக்கு நீச்சல் தெரியும். ஆனால் நான்கு கால்களிலும் நகமுள்ள நாய் ஏற முடியாத விரிப்பில் அவன் எப்படி ஏறுவான்? அப்போது வீட்டுப் பாட்டி, "கயித்துக் கட்டில எடுத்தாந்து எறக்குங்கப்பா" என்றார். கட்டிலின் இரு கால்களில் கயிறு கட்டிச் சரிவில் இறக்கியதும், கட்டில் கயிற்றில் நகம் பிடித்து நாய் மேலேறிவிட்டது. பாட்டிக்குத் தோன்றியது அங்கே நின்றிருந்த எனக்குத் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தந்தை அன்று வெளியூர் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை எண்ணியே இதை எழுதுகிறேன்.

நாய் ஏன் விழுகிறது?

நாய்க்கு நீச்சல் பிறவிக் குணம், அதற்கு நீரால் ஆபத்தில்லை என்று பலரும் நினைக்கிறோம். இது பாதி உண்மைதான். நீந்தத் தெரிந்த நாயும் ஏறும் வழி இல்லாவிட்டால் களைத்து மூழ்கும். அதிலும் சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லியான வேட்டை நாய்களுக்கு உடலில் கொழுப்பு குறைவு. குளிர்ந்த கிணற்று நீரில் அவை விரைவில் சோர்ந்துவிடும். குட்டியைக் கிணற்றில் தூக்கி எறிந்து நீச்சல் பழக்கும் வழக்கம் சில ஊர்களில் உள்ளது. இதை அறவே கைவிட வேண்டும்.

இரவில் முயலையோ மயிலையோ துரத்தும்போது கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றில் விழுவது ஒருவகை. கோடையில் தாகத்தால் விழுவது இன்னொரு வகை. இரண்டாவதைத் தடுப்பது மிக எளிது. நாய்க்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லிலிட்டர் தண்ணீர் தேவை. 20 கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு லிட்டருக்கு மேல் வேண்டும். கோடையிலும், ஓடியாடும் நாட்களிலும் இன்னும் கூடும். மாட்டுக்குத் தொட்டி கட்டும் நாம் நாய்க்கு ஒரு மண்சட்டி வைக்க மறந்துவிடுகிறோம். நிழலில் ஒரு சட்டி தண்ணீர் இருந்தால் அது குட்டைச் சரிவில் இறங்காது. பூச்சிமருந்து வந்த டப்பாவை வெட்டி அந்தச் சட்டியாக்க வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் அது மருந்து டப்பாதான்.

பண்ணைக் குட்டைக்கு ஏணி

மண் குட்டையில் விழுந்த நாய் எப்படியாவது கரையேறிவிடும். விரிப்பிட்ட குட்டை அப்படியன்று. 500 மைக்ரான் கனமுள்ள விரிப்பு நனைந்து, அதன்மேல் மெல்லிய பாசியும் படிந்துவிட்டால் எண்ணெய் தடவிய தகரம் போலாகிவிடுகிறது. நாய் ஏற முயன்று சறுக்கும். சறுக்கும்போது நகம் விரிப்பைக் கிழிக்கும். ஆகவே நாயின் மேல் இரக்கம் இல்லாதவர்கூட விரிப்பின் மேலுள்ள இரக்கத்தாலாவது கீழ்க்கண்டதைச் செய்யலாம்.

தென்னைநார்க் கயிற்றால் ஒரு மீட்டர் அகலத்தில் வலை பின்னி, கரைமேல் அடித்த முளையில் கட்டி, சரிவின் வழியே அடிவரை தொங்கவிடவும். முளை விரிப்புக்கு அப்பால் கெட்டியான மண்ணில் இருக்க வேண்டும். வலையின் அடி மிதக்காமல் இருக்க, மணல் நிரப்பிய சாக்கைக் கட்டவும். கூரான கல்லைக் கட்டினால் விரிப்புக்குக் கேடு. நீர்மட்டம் இறங்கினாலும் எட்ட வேண்டும் என்பதற்காகவே வலை அடிவரை செல்ல வேண்டும் என்கிறோம். நாய் கரையை ஒட்டியே நீந்தி மூலையில் போய்ச் சேரும். எனவே எதிரெதிர் மூலைகளில் ஒவ்வொரு வலை அமைப்பது நல்லது. கயிறு கிடைக்காதவர்கள் பழைய டயர்களை வரிசையாகக் கட்டியும் தொங்கவிடலாம். ஆடும் இதில் ஏறும், குழந்தையும் ஏறும். நார்க்கயிறு நீரில் கிடந்து இற்றுப்போகும். ஆண்டுக்கொரு முறை இழுத்துப் பார்த்து மாற்றவும்.

பிறகு நாயைக் கயிற்றில் பிடித்துக் கூட்டிச் சென்று, குட்டையில் நீர் குறைவாக உள்ளபோது அந்த வலை வழியே சில முறை ஏற்றிப் பழக்க வேண்டும். வழி இருப்பது தெரியாத நாய்க்கு வழி இருந்தும் பயனில்லை. குட்டையைச் சுற்றி வேலி போட முடிந்தவர்கள் போடுவது எல்லாவற்றிலும் நன்று.

சிமெண்ட் பூச்சுள்ள பாசன வாய்க்கால்களிலும் இதே தொல்லைதான். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனப் பகுதியில் வாய்க்கால் ஓரம் தோட்டம் உள்ளவர்கள், தண்ணீர் விடும் நாட்களில் நாயை அவிழ்த்துவிடாதிருப்பது நலம். ஓடும் நீரில் நாய் எந்த மதகில் போய்ச் சிக்கும் என்று சொல்ல முடியாது.

விழுந்துவிட்டால்

முதலில் மோட்டாரின் மெயின் சுவிட்சை நிறுத்தவும். பழுதடைந்த ஒயர் நீரில் கிடந்தால் நாயைத் தேடிப் போனவரும் திரும்பமாட்டார். பாழுங்கிணற்றிலும், நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றிலும் உயிர்க்காற்று குறைந்து நச்சுக் காற்று தங்கியிருக்கும். அதில் ஆள் இறங்கவே கூடாது. கயிற்றுக் கட்டில், பெரிய மூங்கில் கூடை, காற்றடித்த லாரி டியூப் ஆகியவற்றில் எது அருகில் உள்ளதோ அதைக் கயிறு கட்டி இறக்கினால் நாய் பற்றிக்கொள்ளும். சுருக்குப் போட்டுத் தூக்க நேர்ந்தால் கழுத்தில் போடலாகாது. முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி விழ வேண்டும். முடியாவிட்டால் 101 எண்ணில் தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள். நாய்க்காக அழைப்பதா என்று கூச்சப்பட வேண்டாம்.

வெளியே எடுத்த நாய் மூச்சின்றிக் கிடந்தால் பக்கவாட்டில் படுக்க வைத்து, தலையைத் தாழ்த்தி, நாக்கை முன்னே இழுத்து, வாயிலுள்ள சேற்றைத் துடைக்கவும். இதயத் துடிப்பும் இல்லையெனில் மார்பின் அகலத்தில் மூன்றிலொரு பங்கு அமுங்குமாறு நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். 30 அழுத்தத்திற்கு ஒருமுறை நாயின் வாயை மூடிப் பிடித்து மூக்கின் வழியே இரண்டு முறை ஊதவும். ஆனால் வெறிநோய்த் தடுப்பூசி போடாத நாய்க்கும், தெரியாத நாய்க்கும் இப்படி வாய்வைத்து ஊதுவது ஆபத்து. எச்சில் வழியேதான் அந்நோய் பரவுகிறது. அத்தகைய நாய்க்கு மார்பை அழுத்துவதோடு நிறுத்திக்கொள்ளவும். அரை நினைவில் உள்ள நாய்க்குப் பாலோ தண்ணீரோ புகட்ட வேண்டாம், அது நுரையீரலுக்குள் போகும். எழுந்து நடந்துவிட்டாலும் அடுத்த ஒருநாளில் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல் வரக்கூடும். ஆகவே கால்நடை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

வெறிநோயும் தண்ணீரும்

நாயைக் கண்டு சந்தேகம் வந்தால் முன்னால் தண்ணீர் வைத்துப் பார்க்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் உண்டு. குடித்தால் வெறி இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். இது உயிரைக் குடிக்கும் தவறு. நீரைக் கண்டு அஞ்சுவது நோய் கண்ட மனிதரிடம் காணப்படும் குறி. வெறிநாய் தண்ணீருக்கு அஞ்சுவதில்லை. தொண்டை செயலிழந்து விழுங்க முடியாமல் தவிக்குமே தவிர, நீரில் வாய் வைக்கும், வாய்க்காலையும் கடந்து போகும். கடி பட்டவர் இச்சோதனையை நம்பிக் காத்திராமல், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். பம்புசெட்டுத் தண்ணீரே இதற்குப் போதும். நோய்க்குறி தோன்றிய பிறகு காப்பாற்றுவது ஏறத்தாழ இயலாத காரியம். வளர்க்கும் நாய்க்கு மூன்று மாத வயதில் முதல் ஊசியும், மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசியும், பிறகு ஆண்டுதோறும் ஓர் ஊசியும் போடவும். செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாளையொட்டிப் பல ஊர்களில் முகாம்கள் நடைபெறுகின்றன.

எலிக்காய்ச்சலும் நீரோடு தொடர்புடையதே. எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரால் நாய்க்கு நோய் வரும். பின் நாயின் சிறுநீர் வழியே, காலில் வெடிப்போடு நாற்று நடுவோருக்கும் வரும். நாய்க்குப் போடும் கூட்டுத் தடுப்பூசிகள் சிலவற்றில் இதற்கும் மருந்து சேர்ந்துள்ளது. மருத்துவரிடம் கேட்டுப் போடவும்.

பாசி பற்றி ஒரு சொல். நெல் வயலுக்கு நீலப்பச்சைப் பாசி இடச் சொல்பவர்கள் நாங்களே. அது தழைச்சத்துத் தரும் வேறு இனம். கோடையில் தேங்கிய குட்டையில் பச்சை வண்ணம் கரைத்து ஊற்றியதுபோல் ஏடு படிகிறதே, அதில் நஞ்சுள்ள இனங்கள் இருக்கலாம். நாய் அதைக் குடித்தாலும், மயிரில் ஒட்டியதை நக்கினாலும் வாந்தியும் வலிப்பும் வரலாம். இதற்கு மாற்று மருந்து இல்லை. உடனே நல்ல நீரால் கழுவி மருத்துவரிடம் கொண்டு செல்லவும். குருணை மருந்து இட்ட வயலின் நீரும் இதே போன்றதுதான். மருந்திடும் நாட்களில் நாயைக் கட்டி வையுங்கள்.

கட்டி வைப்பது என்றால் நாள் முழுவதும் முழச் சங்கிலியில் அன்று. மிகக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டுவதும், வளர்த்த நாயைக் கைவிடுவதும் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வேண்டாத குட்டிகளை ஏரிக்கரையில் விட்டு வருவோர் இதை அறிந்திருக்க வேண்டும். பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்துவிட்டால் அந்த நடை மிச்சம்.

மோட்டார் அறைச் சுவரில் ஓர் ஆணி அடித்து, கிணற்றின் ஆழத்தைவிட ஐந்தாறு மீட்டர் நீளமான கயிறு ஒன்றை அதில் மாட்டி வையுங்கள். மாடு கட்ட என்று யாரும் எடுத்துப்போகாதபடி வீட்டாரிடம் சொல்லி வையுங்கள்.