பழைய வண்டியும் தேய்மானக் கணக்கும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்பது பழமொழி. வண்டி யானையன்று. ஷோரூம் வாசலைத் தாண்டி வீதிக்கு வந்த அன்றே அதன் மதிப்பு இறங்கத் தொடங்கிவிடுகிறது. இந்த இறக்கத்தை வணிகவியல் மாணவர்கள் 'தேய்மானம்' என்று படிக்கிறார்கள். கணித மாணவனாகிய எனக்கு அது ஒரு பெருக்குத் தொடர். பனியன் கம்பெனித் தொழிலாளிக்கோ அது ஓர் ஆண்டின் தீபாவளி போனஸ். பழைய வண்டியை எந்த வயதில், எந்த நேரத்தில் வாங்கினால் அந்தப் போனஸ் வீணாகாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதல் ஆண்டின் நட்டம்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என் தந்தையார் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் தைப்பவர். சென்ற ஆண்டு வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது அவர் என்னிடம், "ஏங்கண்ணு, நீ கணக்குத்தானே படிக்கறே? புதுசு வாங்குனா எவ்வளவு போகும், பழசு வாங்குனா எவ்வளவு போகும்னு எழுதிக் காட்டு" என்றார். அன்று எழுதிக் காட்டிய கணக்கையே இங்கே தருகிறேன்.

புது வண்டியின் விலை 1,00,000 ரூபாய் என்று கொள்வோம். குறைந்துசெல் இருப்பு முறையில் ஆண்டுக்கு 15 சதவீதம் கழிப்போம். முதலாண்டு முடிவில் மதிப்பு 85,000. இரண்டாமாண்டு முடிவில் 72,250. மூன்றாமாண்டு முடிவில் 61,413. ஐந்தாமாண்டு முடிவில் 44,371. முதலாண்டில் 15,000 ரூபாய் கரைகிறது. ஐந்தாம் ஆண்டிலோ 7,830 ரூபாய்தான் கரைகிறது. சதவீதம் மாறவில்லை, கரையும் பணம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

இனி இருவரை ஒப்பிடுவோம். புது வண்டி வாங்கி மூன்றாண்டு ஓட்டி விற்பவருக்கு நட்டம் 38,587 ரூபாய். அதே வண்டியை 61,413 ரூபாய்க்கு வாங்கி மேலும் மூன்றாண்டு ஓட்டி 37,715 ரூபாய்க்கு விற்பவருக்கு நட்டம் 23,698 ரூபாய். வேறுபாடு ஏறத்தாழ 15,000 ரூபாய். டயர், பேட்டரி, செயின் ஆகியவற்றுக்குப் பழைய வண்டிக்காரர் கூடுதலாகச் செலவிட வேண்டியிருக்கும். அந்தச் செலவு 15,000 ரூபாயைத் தாண்டாதவரை பழையதே இலாபம். வயது ஏற ஏறத் தேய்மானம் குறையும்; பழுதுச் செலவு கூடும். இரண்டின் கூட்டுத்தொகை எந்த வயதில் மிகச் சிறியதோ அந்த வயதே வாங்கத் தகுந்த வயது.

சந்தை எப்போதும் சூத்திரத்தின்படி நடப்பதில்லை என்பது உண்மையே. ஆயினும் காப்பீட்டுக்காரர்கள் வைத்திருக்கும் அட்டவணை ஒரு நல்ல வழிகாட்டி. ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஓராண்டுக்குள் 15, இரண்டாண்டுக்குள் 20, மூன்றாண்டுக்குள் 30, நான்காண்டுக்குள் 40, ஐந்தாண்டுக்குள் 50 சதவீதம் என்று அவர்கள் மதிப்பைக் கழிக்கிறார்கள்.

காலம் பார்த்தல்

வயதைப் போலவே வாங்கும் நேரமும் முக்கியம். ஆடியில் புது வண்டி எடுக்க நம் மக்கள் தயங்குவார்கள். ஆயுத பூசைக்கும் தீபாவளிக்கும் ஷோரூம்களில் கூட்டம் நெரியும். திருப்பூரில் போனஸ் கைக்கு வருவதும் அப்போதுதான். புதியதை எடுப்பவர் பழையதைத் தள்ளிவிடுவார். ஆகையால் தீபாவளி முடிந்த சில வாரங்களில் ஆட்டோ கன்சல்டிங் கடைகளில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். பேரம் பேச அதுவே நேரம். அடுத்து ஜனவரி. டிசம்பரில் 'இந்த ஆண்டு மாடல்' என்று விற்ற வண்டி, ஒரே மாதத்தில் 'போன ஆண்டு மாடல்' ஆகிவிடுகிறது. வண்டி மாறுவதில்லை, விலை மாறுகிறது.

செய்தித்தாளும் வண்டி விலையைச் சொல்லும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான மோட்டார் சைக்கிள்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரியோடு 1,00,000 ரூபாய்க்கு விற்ற வண்டி அதனால் 92,188 ரூபாயாகிறது. புதியதே இவ்வளவு இறங்கும்போது பழையது மட்டும் பழைய விலையிலேயே நிற்க முடியுமா? குறைப்பு முடிவு அம்மாத முதல் வாரத்திலேயே வெளியாகிவிட்டது. அதைப் படித்தவர்கள் காத்திருந்தார்கள். எங்கள் வீட்டிலும் காத்திருந்து, தீபாவளி கழித்து நான்கு வயது வண்டி ஒன்றை வாங்கினோம்.

வேக வண்டிகள்

நம் பக்கத்து இளைஞர்களுக்கு வேகத்தின் மீது மோகம் அதிகம். அதில் வியப்பில்லை. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். கோவை செட்டிபாளையத்திலுள்ள பந்தயத் தடம், ஃபார்முலா மாருதிக் காரை வடிவமைத்த கரிவரதனின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் சாதாரணக் காரைவிட வேகமாகத் தேயக்கூடியது. இருவர் மட்டுமே அமரக்கூடிய காரைக் குடும்பஸ்தர் வாங்கமாட்டார்; வாங்குவோர் சிலரே. டயரும் காப்பீடும் விலை அதிகம். மேலும் பெரிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம்; அதன் மேல் வாழ்நாள் வரி. விற்கும்போது இந்த வரிகளை முழுமையாகத் திருப்பித் தருவார் எவருமில்லை. ஆகவே அத்தகைய காரின் முதல் நான்கைந்து ஆண்டுத் தேய்மானத்தை முதல் உரிமையாளருக்கே விட்டுவிடுவது நலம்.

தேய்மானம் தலைகீழாகத் திரும்புவதும் உண்டு. 1962 முதல் 1964 வரை 36 கார்கள் மட்டுமே செய்யப்பட்ட ஃபெராரி 250 ஜி.டி.ஓ. வகையில் ஒன்று, 2018இல் 4 கோடியே 84 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. நம் ஊரில் அதற்கு இணையாகச் சொல்லத்தக்கது யமஹா ஆர்.எக்ஸ். 100. 1985இல் வெளிவந்த இந்த இரண்டு ஸ்ட்ரோக் வண்டியின் உற்பத்தி 1996இல் நின்றது. இன்று நல்ல நிலையிலுள்ள ஒன்று, புதிதில் விற்ற விலையைப் போலப் பல மடங்கு கேட்கிறது. எண்ணிக்கை கூட வழியில்லை, ஆசை குறையவில்லை. ஆனால் இந்த ஆண்டுகளில் ரூபாயின் மதிப்பும் தேய்ந்திருக்கிறது. எனவே ஏற்றம் முழுவதும் இலாபமன்று. அந்த வண்டிகள் எல்லாமே பதிவின் 15 ஆண்டுகளைக் கடந்தவை. அதன் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். ஆர்.சி. உயிரோடு இல்லையேல் அது வண்டியன்று, பழைய இரும்பு.

கணக்கில் வராதவை

எங்கள் வீதியில் குடியிருந்த கட்டிங் மாஸ்டர் ஒருவர், மலிவாகக் கிடைத்ததென்று ஒரு சிவப்புக் காரை வாங்கினார். நான்காம் மாதம் கடன் கொடுத்த நிறுவனத்தார் வந்து காரை எடுத்துச் சென்றனர். பழைய உரிமையாளர் டியூ கட்டவில்லை. விலையில் ஏமாறியிருந்தால் சில ஆயிரங்களே போயிருக்கும். காகிதத்தில் ஏமாறியதால் மகளின் திருமணத்துக்கென்று சேர்த்த பணம் முழுவதும் போயிற்று. ஆகவே ஆர்.சி.யில் கடன் பதிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் படிவம் 35ம் கைக்கு வரும்வரை பணம் கொடாதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 வேண்டும். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி.யோடு பொருந்த வேண்டும். காப்பீட்டையும் உடனே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குகளுக்கு 50 சதவீத வரி விதித்தபோது திருப்பூரில் ஆர்டர்கள் குறைந்தன. ஓவர்டைம் நின்றால் தொழிலாளி வீட்டில் முதலில் தடுமாறுவது வண்டி டியூதான். டியூவில் எடுத்த புது வண்டி சில வேளைகளில், கட்ட வேண்டிய கடன் குறைவதைவிட வேகமாகத் தேயக்கூடும். அப்போது விற்றாலும் கடன் முழுவதும் தீராமல் போகலாம். வாரக் கூலி வாங்கும் நம் பெற்றோருக்குத் தேய்மானம் என்ற சொல் தெரியாமலிருக்கலாம். அதன் வலி நன்றாகத் தெரியும்.

நண்பர்களே! நாம் வகுப்பறையில் பயிலும் பெருக்குத் தொடர் தேர்வுத்தாளோடு முடிந்துவிடக் கூடாது. வீட்டில் வண்டிப் பேச்சு எழும் நாளில் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு பெற்றோரின் அருகே அமருங்கள். வயதைக் கணக்கிடுங்கள், மாதத்தைப் பாருங்கள், காகிதத்தைப் படித்துக் காட்டுங்கள். படித்த பிள்ளை வீட்டுக்குச் செய்யக்கூடிய முதல் உதவி அதுவே என்பது என் எண்ணம்.