கிணற்றைக் கோடையில் பாருங்கள்

ராயகிரி வட்டாரத்தில் நிலம் மதிப்பிடச் செல்வோர் முதலில் கிணற்றடிக்குச் செல்வது நலம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் எந்தக் கிணறும் நிறைந்தே தோன்றும். சித்திரையில் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, இறைத்த நீர் மீண்டும் ஊற எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே சரியான கணக்கு. நீரைக் கூட்டி எழுதினால், அதை நம்பிக் கடன்பட்டு எலுமிச்சை வைத்தவர் தோட்டத்தையே இழக்க நேரும்.

வழிகாட்டி மதிப்பு முத்திரைத் தீர்வைக்கு உதவும். ஊற்றின் தன்மையைச் சொல்லாது. அரசு நிலம் எடுக்கையில், மரங்களை மதிப்பிட வேளாண்மை, தோட்டக்கலை அனுபவசாலிகளைப் பயன்படுத்த 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு வழி செய்கிறது.

கட்டணத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளவும். மதிப்பில் இத்தனை சதவீதம் என்றால் பேனா தானாகவே மேலே ஏறும்! காலை ஆறு மணிக்கே வயலில் இறங்குவது உடம்புக்கும் நல்லது. கோடை நீர் நிலவரம் சொல்லும் பக்கத்துத் தோட்டத்தாரும் அப்போதுதான் அகப்படுவர்.