பழைய இரும்பு அடுப்பை எடைக்குப் போடும் முன்...

பெருங்களத்தூரில் பழைய சாமான்களோடு வார்ப்பிரும்பு அடுப்பு கைக்கு வந்தால், உடனே காயலான் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். குளிர்நாடுகளில் கூடத்திலேயே அடுப்பு நின்றதால், பூவும் கொடியும் உருவங்களும் அதில் இடம்பெற்றன. மரத்தில் செதுக்கிய அச்சை மணலில் பதித்து, உருக்கிய இரும்பை ஊற்றி எடுத்த வேலை அது. நீலகிரியின் பழைய பங்களாக்களில் உள்ள கணப்புகளிலும் இத்தகைய வார்ப்பைக் காணலாம்.

பூவிதழின் விளிம்பு தெளிவாக இருந்தால் மூல அச்சில் வார்த்ததாக இருக்கலாம். பழைய வார்ப்பையே அச்சாக வைத்து எடுத்த நகலில் விளிம்பு மழுங்கும். இரும்பு ஆறும்போது சுருங்குவதால் அளவும் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு குறையும். வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் உடையும், கவனம் தேவை.

100 ஆண்டு கடந்த கைவினைப் பொருள், 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருளாகலாம். அதைத் தொழிலாக விற்க உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. விசாரித்து விற்பதே நமக்கு லாபம்.